ஒரே சட்டியில் இராச் சாப்பாடு

நம் சங்கத்து மாத ஏட்டில் இலக்கியமும் வரலாறும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய யோசனைகளும் வெளிவருவது வழக்கம். அவற்றிற்கு நடுவே அடுக்களை விஷயம் ஒன்றை எழுத வந்திருக்கிறேன். எழுதுகிறவன் ஓர் ஆண்பிள்ளை. எழுதப் புகுந்த பொருளோ பன்றி இறைச்சியும் மிளகும். இதைக் கண்டு நேயர்களிற் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். பன்றி இறைச்சியைத் தொடாத குடும்பங்கள் நம்மில் பல உண்டு. அவர்களுடைய வழக்கத்தை நான் மதிக்கிறேன். உண்ணுகிற குடும்பங்களும் பல உண்டு. அவர்கள் அதனை வெளியில் சொல்லக் கூசுகிறார்கள். இரு சாராருக்கும் பயன்படக்கூடிய செய்தி இதில் இருக்கிறது என்று நம்பியே எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. சொந்த ஊர் ஜோலார்பேட்டைப் பக்கம். பெங்களூருக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பிரேசர் டவுனில் நான்கு குடித்தனங்கள் சேர்ந்த ஒரு காம்பவுண்டில் குடியிருக்கிறோம். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் அவளுக்குப் பிற்பகல் டியூட்டி. வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அந்த நாட்களில் நான் ஆறரை மணிக்கு வீட்டிற்குள் நுழையும்போது பிள்ளைகள் இருவரும் பசியோடு வாசலில் நிற்பார்கள்.

முதலிற் சில மாதங்கள், கடையில் பரோட்டாவும் கபாபும் பொட்டலம் கட்டி வாங்கிவந்து சமாளித்தேன். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது அந்தச் செலவு பால்காரருக்குக் கொடுக்கவேண்டிய தொகையைத் தாண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறும் அடிக்கடி வந்தது. ஊரில் இருந்தால் பாட்டியோ அத்தையோ ஒரு பிடி சோற்றை வடித்துப் போட்டுவிடுவார்கள். பிழைக்க வந்த இடத்தில் அந்த ஆதரவு இல்லை. கணவனும் மனைவியும் உத்தியோகத்திற்குச் செல்லும் நம்மவர் வீடுகளில் மாலை ஏழு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடைப்பட்ட நேரமே அன்றாடத்தின் மிகக் கடினமான நேரம் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆகையால் அடுப்பை நானே பற்றவைப்பது என்று தீர்மானித்தேன்.

இரண்டு மூன்று பாத்திரங்களை அடுப்பில் ஏற்றி இறக்குவதற்கு எனக்குக் கைப்பழக்கம் இல்லை. கழுவுவதற்கு நேரமும் இல்லை. ஒரே சட்டியில் தொடங்கி ஒரே சட்டியில் முடிகிற சாப்பாடு வேண்டியிருந்தது. அது எங்கள் பேட்டையிலேயே கிடைத்தது.

பேட்டையின் கதையைச் சிறிது சொன்னால் இந்தப் பதார்த்தம் வந்த வழி விளங்கும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றித் தண்டுப் பகுதியை அமைத்தார்கள். சென்னை இராஜதானிப் படையோடு சிப்பாய்களும் சமையற்காரர்களும் தையற்காரர்களும் கொத்தனார்களும் வணிகர்களுமாகத் தமிழ் மக்கள் திரளாக வந்து குடியேறினார்கள். 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு ஸ்டேஷன் வரையில் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அந்த வருகை இன்னும் எளிதாயிற்று. 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் இந்நகரத்தை வாட்டியது. நெருக்கமான பகுதிகளிலிருந்து மக்களை வெளியே குடியேற்றவேண்டிய அவசியம் ஏற்பட்டது. அதன்பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த புதிய விஸ்தரிப்புகளில் ஒன்று பிரேசர் டவுன். மைசூரில் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இப்போது புலிகேசி நகர் என்று பெயர் மாறியிருக்கிறது. ஆயினும் ஆட்டோக்காரரிடம் நாம் பிரேசர் டவுன் என்றே சொல்கிறோம்.

தமிழர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர், கன்னடியர், மலையாளிகள் எனப் பலரும் அடுத்தடுத்த சுவர்களில் வாழும் பேட்டை இது. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் 'பெப்பர் ஃபிரை' என்று ஒன்று செய்வார்கள். இறைச்சி, வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகு ஆகிய நான்கும் சேர்ந்த வறுவல் அது. மேற்கே குடகு நாட்டில் பன்றிக் கறி கல்யாண விருந்திலேயே இடம்பெறும் பதார்த்தம். மிளகும் கச்சம்புளி என்னும் கறுத்த புளிச்சாறும் அதற்கு உயிர். குடம்புளி வகைப் பழத்தின் சாற்றைச் சுண்டக் காய்ச்சி எடுப்பது கச்சம்புளி. பெங்களூர்க் கடைகளில் புட்டியில் கிடைக்கிறது. ஆங்கிலோ இந்தியரின் உருளைக்கிழங்கும், குடகரின் கச்சம்புளியும், நம் வீட்டு இஞ்சி பூண்டும் கறிவேப்பிலையும் ஒன்றாகக் கலந்தால் எங்கள் வீட்டுச் சட்டி தயாராகிவிடும்.

முதல் நாள் அனுபவத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ இறைச்சியைப் பெரிய பெரிய துண்டுகளாகவே வாங்கிவந்தேன். நேரமாகிவிட்டதே என்று தீயை முழுவதும் ஏற்றினேன். பதினைந்து நிமிடத்தில் மேற்புறம் கருகி மணம் வீசியது. பிள்ளைகளின் தட்டுகளில் பரிமாறிவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று என் மனைவிக்குச் சற்று முன்னதாகவே டியூட்டி முடிந்திருந்தது. உள்ளே வந்தவள் ஒரு துண்டை எடுத்துப் பிளந்து பார்த்தாள். உள்ளே சிவப்பாயிருந்தது. ஒன்றும் பேசாமல் இரண்டு தட்டுகளையும் பிள்ளைகளிடமிருந்து வாங்கி, எல்லாவற்றையும் மீண்டும் சட்டியில் கொட்டி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடினாள். பெரியவள் கையில் எடுத்த கவளத்தைக்கூட வாங்கிவிட்டாள். பிறகுதான், "பசியைப் பத்து நிமிஷம் பொறுக்கலாங்க, இதைப் பொறுத்துக்க முடியாது" என்றாள்.

அன்றிரவு அவள் சொன்ன விவரம் என் நெஞ்சில் தைத்தது. பன்றியின் தசையில் நாடாப்புழுவின் இளம் பருவம் சிறு கொப்புளமாகத் தங்கியிருக்கக்கூடும். அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் புழு மனிதனுடைய குடலில் வளர்ந்து நீளும். அது பாதிக் கதைதான். குடலில் புழுவுள்ளவருடைய மலத்தில் முட்டைகள் வெளிப்படும். கழுவாத கையின் வழியாகவோ, தண்ணீரின் வழியாகவோ, பச்சையாக உண்ணும் காய்கறியின் வழியாகவோ அந்த முட்டைகள் மற்றொருவர் வயிற்றிற்குள் சென்றால், அவற்றிலிருந்து வரும் பூச்சிகள் இரத்தத்தோடு ஓடி மூளையிலும் தங்கிவிடும். அதனால் வலிப்பு உண்டாகும். இந்நோய் பரவியுள்ள பல பிரதேசங்களில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் தெரிகின்றன. இறைச்சியை உண்ணுகிறவர் அதனை முழுவதும் வேகவைத்தே உண்ணவேண்டும் என்பது முதற் பாடம். மூளைக்குச் செல்லும் நோய் முட்டைகளால் வருவது. ஆகையால் பன்றி இறைச்சியைக் கண்ணாலும் காணாத சைவ உணவினருக்கும் அது வரலாம் என்பது இரண்டாவது பாடம். கழிப்பறைக்குச் சென்றுவந்த பின்னும், உண்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கைகழுவுவதும், கொத்தமல்லியையும் வெள்ளரியையும் காரட்டையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவதும் எல்லா வீடுகளுக்கும் பொது விதி. இரு சாராருக்கும் பயன்படும் செய்தி என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதனைத்தான்.

அப்படியானால் விரைவில் சமைப்பது எப்படி? விரைவு தீயில் இல்லை. கத்தியில் இருக்கிறது என்பது நான் கண்ட உண்மை. துண்டு பெரிதாயிருந்தால் தீ எவ்வளவு எரிந்தாலும் உள்ளே சூடு செல்ல நேரமாகும். மெல்லிய துண்டானால் சில நிமிடங்களில் நடுவரையில் வெந்துவிடும். எந்தப் பாகத்தை வாங்குகிறோம் என்பதும் முக்கியம். தோளும் வயிற்றுப் பாகமும் நாரும் கொழுப்பும் மிகுந்தவை. அவை மெதுவாக ஒரு மணி நேரமாவது வேகவேண்டும். தோலோடு கூடிய துண்டுகளில் செய்யும் குடகுப் பன்றிக் கறிக்கு அவை பொருந்தும். அது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். வார நாளில் விரைந்து முடிக்க முதுகுத் தசையோ எலும்பில்லாத தொடைத் தசையோ வாங்கவேண்டும். கோல்டு ஸ்டோரேஜ் என்று நம் ஊரில் வழங்கும் கடைகளில் கேட்டால் பிரித்துத் தருவார்கள். உரிமம் பெற்றதும், இறைச்சியைக் குளிரில் வைத்து விற்பதுமான கடையில்தான் வாங்கவேண்டும். வெயிலில் தொங்கவிட்டது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இனி மிளகு. மிளகாய் நம் நாட்டிற்கு வந்தது போர்ச்சுகீசியர் வந்த பிறகே. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தார்கள். சங்க நூல்களில் 'கறி' என்ற சொல்லே மிளகைக் குறிக்கும். யவனர் பொன்னைக் கொடுத்து அதனை வாங்கிச் சென்றார்கள். புதிதாக வந்த காய்க்கு, மிளகைப்போல் காரமுள்ள காய் என்ற கருத்தில் மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். அதன் இனத்தைச் சேர்ந்ததே, காரமில்லாத குடைமிளகாயும். ஆக, நமது சட்டியில் பழைய மிளகும் புதிய மிளகாய் இனமும் ஒன்றாகச் சேர்கின்றன.

பன்றி இறைச்சியும் தமிழருக்குப் புதியதன்று. நெல்மாவைத் தீனியாகக் கொடுத்துப் பல நாள் குழியில் நிறுத்தி வளர்த்த பன்றியின் கொழுத்த ஊனைக் குறித்துப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. இதனை எனக்குச் சொன்னவர் ஊரில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர். உண்ணுகிறவர்கள் கூசவேண்டிய காரணம் ஒன்றும் இல்லை என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறேன்.

மிளகைப் பற்றி அறியவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அதன் காரம் வேகும்போது பெரிதும் நிலைத்து நிற்கும். மணமோ ஆவியாகப் போய்விடும். ஆகையால் கடையில் அரைத்துப் பொட்டலமிட்ட தூள் இதற்கு உதவாது. குடகிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வரும் கறுப்பு மிளகை அப்போதைக்கப்போது உரலில் ஒன்றிரண்டாக இடித்து, பாதியை ஊறும்போதும் பாதியை இறக்கும்போதும் சேர்க்கவேண்டும்.

நால்வருக்கு வேண்டிய சாமான்கள் இவை: எலும்பில்லாத இறைச்சி அரைக் கிலோ, அதனோடு ஒட்டிவரும் கொழுப்பு ஒரு சிறு பிடி, உருளைக்கிழங்கு இரண்டு, பெரிய வெங்காயம் இரண்டு, குடைமிளகாய் இரண்டு, மிளகு இரண்டு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேஜைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, தனியாத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, கச்சம்புளி ஒரு தேக்கரண்டி. கச்சம்புளி கிடைக்காவிட்டால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு மேஜைக்கரண்டி போதும்.

ரயில்வேக்காரனுக்கு நேர அட்டவணை இல்லாமல் காரியம் ஓடாது. ஆகவே அப்படியே எழுதுகிறேன். ஆறு நாற்பதுக்கு இறைச்சியை நாருக்குக் குறுக்காக, அரை சென்டிமீட்டர் கனத்தில் அரியவேண்டும். ஐஸ் பெட்டியில் சிறிது நேரம் இறுக வைத்திருந்தால் அரிவது சுலபம். கொழுப்பைத் தனியே பொடியாக நறுக்கிக்கொள்ளவேண்டும். இறைச்சியில் உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, தனியாத்தூள், பாதி மிளகு ஆகியவற்றைப் பிசறி வைக்கவேண்டும். பிறகு இறைச்சி அரிந்த பலகையையும் கத்தியையும் கையையும் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, வேறு பலகையில் காய்களை நறுக்கவேண்டும். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, காசு கனத்தில் வட்டமாக அரியலாம். இதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும், இறைச்சியும் ஊறிவிடும்.

ஏழு மணிக்குச் சட்டியை அடுப்பில் வைத்து, கொழுப்பைப் போட்டு ஒரு கரண்டி தண்ணீர் விடவேண்டும். தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு கருகாமல் உருகி நெய் விடும். எண்ணெய் தனியே வேண்டியதில்லை. நான்கு நிமிடங்களுக்குப் பின் உருளைக்கிழங்கைப் பரப்பி மூடி, ஆறு நிமிடம் வேகவைத்து, இடையில் ஒரு முறை திருப்பி, தட்டில் எடுத்துவிடவேண்டும்.

அடுத்து இறைச்சி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்துபோய், இறைச்சி நீர் விட்டு, வறுபடாமல் அவிந்துபோகும். ஆகையால் இரண்டு தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணைக்கும் மும்மூன்று நிமிடம் நல்ல சூட்டில் சிவக்கவிட்டு எடுக்கவேண்டும். இந்த நிலையில் அது உள்ளே வெந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வெளிநிறம் ஏறியிருக்கிறது, அவ்வளவே. அரைவேக்காட்டு இறைச்சி இருந்த தட்டில் பிறகு பரிமாறவும் கூடாது.

அதே சட்டியில் வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் நான்கு நிமிடம் வதக்கவேண்டும். வெங்காயத்தின் ஈரத்தில் அடியில் பிடித்த பொருக்கு கரைந்து எழும். சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது. பின்னர் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் திரும்பச் சேர்த்து, அரை டம்ளர் வெந்நீர் தெளித்து, மூடியிட்டு, சிறு தீயில் ஆறு நிமிடம் விடவேண்டும். என் மனைவி எனக்குக் கற்பித்த ஆறு நிமிடம் இது. எந்த அவசரத்திலும் இதனைக் குறைப்பதில்லை. மூடியைத் திறந்து, மிகக் கனமான துண்டை எடுத்துப் பிளந்து பார்க்கவேண்டும். நடுவில் சிவப்போ ரோஜா நிறமோ இருந்தால் மீண்டும் மூடவேண்டும். உணவு உஷ்ணமானி உள்ளவர்கள் நடுவில் 71 டிகிரி சென்டிகிரேடு காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் குடைமிளகாயைப் போட்டு, மூடாமல், தீயை ஏற்றி மூன்று நிமிடம் புரட்டவேண்டும். பச்சை நிறமும் கடிக்கும் பதமும் போகக் கூடாது. மீதி மிளகையும் கச்சம்புளியையும் சேர்த்து, இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கிவிடவேண்டும். ஏழு முப்பதுக்கு மணம் தெருவரை செல்லும். பேக்கரி ரொட்டியோடும் உண்ணலாம், சோற்றோடும் உண்ணலாம். புளிப்புள்ள பண்டம் இரும்பில் நெடுநேரம் இருந்தால் இரும்பு வாடை ஏறும். ஆகையால் உடனே வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிடுவது நல்லது.

எவ்வளவு நல்லதாயினும் அளவு வேண்டும். வைட்டமின் பி ஒன்று என்னும் சத்து பன்றி இறைச்சியில் மிகுதி. தீட்டிய அரிசிச் சோற்றை உண்ணும் நமக்கு அது வேண்டியதே. ஆயினும் சிவப்பு இறைச்சியை ஓயாமல் உண்பது உடம்பிற்கு ஆகாது என்பது வைத்தியர்களின் கருத்து. உப்பும் புகையும் ஏற்றிப் பதப்படுத்திய ஸாஸேஜ், பேக்கன் முதலியன புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினால் 2015ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. நாங்கள் வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்கிறோம். மற்ற நாட்களில் அதே முறையில் கோழியோ முட்டையோ காளானோ, வேறு வாணலியில்.

வேறு வாணலி என்று சொன்னேன் அல்லவா? அதன் காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் ஊரில் இந்த இறைச்சியை வீட்டிற்குள் சமைப்பதில்லை. புறக்கடையில் மூன்று கல்லைக் கூட்டி, தனிச் சட்டியில், பொழுது சாய்ந்த பின் சமைப்பார்கள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று என் தாயார் வாசற்கதவைச் சாத்திவிட்டு வருவார். பெங்களூரில் வீடு தேடிய நாட்களில் அந்தக் கூச்சம் இன்னும் பெரிதாயிற்று. வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடிந்தபின், "சாப்பாடு எப்படி?" என்று வீட்டுக்காரர் கேட்பார். மறைக்காமல் சொன்னதால் கைநழுவிய வீடுகள் இரண்டு. மூன்றாவது கிடைத்தது இந்தக் காம்பவுண்டு. அடுத்த குடித்தனம் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மாளை எங்கள் பிள்ளைகளும் 'நானிமா' என்றே அழைக்கிறார்கள்.

என் தாயார் ஊரிலிருந்து வந்தபோது பழைய இரும்புச் சட்டியைத் துணியில் சுற்றி ரயிலில் எடுத்துவந்தார். "இதை இதுக்கு மட்டும் வெச்சுக்கப்பா, மத்த பாத்திரத்துல கலக்காதே. பக்கத்துல இருக்கிறவங்க நாளைக்கு உன் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கணும் இல்லையா?" என்றார். அன்று முதல் அந்தச் சட்டியும், அதற்குரிய கரண்டியும் பலகையும் கத்தியும் தனி. கழுவி, அடுப்பில் காட்டி உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, சமையலறையின் கோடியில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவோம். அவர்கள் பக்கத்துச் சன்னலைச் சாத்தியே சமைப்போம். ரம்ஜான் மாதத்தில் அவர்கள் நோன்பு திறக்கும் வேளையில் அந்தச் சட்டி அடுப்பில் ஏறாது. இவற்றில் ஒன்றையும் அவர்கள் எங்களிடம் கேட்டதில்லை.

பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகையும் தனிக் கத்தியும் வேண்டும் என்று சுகாதாரமும் சொல்கிறது. அண்டை வீட்டாருக்காகச் செய்தது எங்கள் பிள்ளைகளின் நலத்திற்கும் ஆயிற்று.

சென்ற ஆண்டு என் மனைவி டியூட்டியில் இருந்த ஓர் இரவு சின்னவனுக்குக் காய்ச்சல் கண்டது. நானிமாதான் கஞ்சி காய்ச்சிக்கொண்டுவந்து, விடியும்வரை ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்து வந்த பொங்கலன்று நான் பாயசத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு அவர்கள் வாசல்வரை சென்றுவிட்டேன். கதவைத் தட்டக் கை எழவில்லை. எங்கள் அடுக்களையில் வெந்ததை அவர் குடிப்பாரா? நாம் நீட்டி, அவர் மறுக்கும் சங்கடத்தை அவருக்கு ஏற்படுத்தலாமா? திரும்பிவிடலாம் என்று எண்ணும்போது கதவு திறந்தது. என் முகத்தைப் பார்த்தே அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார் போலும்.

"தம்பி, ஆணியில தொங்குறது வேற, இது வேற. எனக்குத் தெரியாதா? குடு" என்றார். வாசலில் நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டு, இனிப்புக் கொஞ்சம் குறைவு என்றும் சொன்னார்.

ஊரில் அந்தச் சட்டி எங்களுக்கு வெட்கமாயிருந்தது. கதவைச் சாத்தி ஒளித்துவைத்தோம். இங்கே அது எல்லாரும் காணும் இடத்தில் தொங்குகிறது. என்ன உண்கிறோம் என்பதையும், பிறர் வழக்கத்தை மதிக்கிறோம் என்பதையும் அது ஒருங்கே சொல்லிவிடுகிறது. பல சாதியாரும் பல சமயத்தாரும் சுவரோடு சுவராக வாழும் ஊரில் பிழைக்க வந்தவர்கள் நாம். உணவை மறைத்து வாழவேண்டியதும் இல்லை; பிறர் மூக்கில் திணிக்கவேண்டியதும் இல்லை. ஒரு சட்டியைத் தனியே வைக்கும் கவனம் இருந்தால் இரண்டிற்கும் இடையில் நல்ல வழி உண்டு.

இன்று செவ்வாய்க்கிழமை, என் மனைவிக்குப் பிற்பகல் டியூட்டி. வறுவலைப் பாத்திரத்திற்கு மாற்றி அவள் பங்கை மூடிவைத்துவிட்டேன். சட்டியின் அடியில் மிளகும் வெங்காயமும் கொழுப்பும் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதில் இரண்டு கைப்பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டினால் வரும் சுவைக்கு ஈடு வேறில்லை. பிள்ளைகள் இருவரும் அதற்காகத்தான் அடுப்படியில் காத்து நிற்கிறார்கள். யாருக்கு முதற் கவளம் என்ற வழக்கைத் தீர்த்துவைக்க வேண்டியிருப்பதால் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.